மின்னூல் கருவி வாங்கப்போகும் பள்ளிக்கு

மின்னூல் கருவியை மட்டமான டேப்லெட் என்று நினைப்பவர்கள் உண்டு. திரையைப் பார்த்தால் இரண்டும் வேறு சாதி. மின்னூல் கருவியின் மின்தாள் திரைக்குள் தலைமுடியின் தடிமனில் லட்சக்கணக்கான நுண்குமிழ்கள். ஒவ்வொன்றிலும் தெளிந்த திரவம். அதில் நேர்மின்னூட்டம் கொண்ட வெள்ளைத் துகள்களும் எதிர்மின்னூட்டம் கொண்ட கறுப்புத் துகள்களும். மின்புலம் மாறும்போது ஏதாவது ஒரு நிறம் மேலே வரும், வந்தது அங்கேயே நிற்கும். எழுத்தைத் திரையில் நிறுத்தி வைக்க மின்சாரம் வேண்டாம், பக்கம் புரட்டத்தான் வேண்டும். அதனால் ஒரு சார்ஜ் வாரக்கணக்கில் வரும். மரத்தடி வெயிலிலும் எழுத்து பளிச்சென்று தெரியும்.

2010இல் வேர்ல்டுரீடர் என்ற தொண்டு நிறுவனம் கானா நாட்டுப் பள்ளிகளில் கிண்டில் என்ற மின்னூல் கருவிகளைக் கொடுத்துப் பார்த்தது. இப்படிப்பட்ட திட்டம் என்றதும் எல்லோரும் திருட்டுக்குத்தான் பயப்படுவார்கள். அங்கே பெரிய தலைவலியானது உடைசல். குமிழ்ப் படலத்துக்கு அடியில் இருப்பது மெல்லிய கண்ணாடித் தகடு. பைக்குள் ஜியாமெட்ரி பாக்ஸ் அழுத்தினால் போதும். வெளியே கீறல்கூடத் தெரியாது, பாதித் திரை உறைந்து நிற்கும். திரையை மாற்றும் செலவுக்குப் புதுக் கருவியே வாங்கிவிடலாம் என்று தோன்றும். எனவே கெட்டி உறைக்கான பணத்தை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பாடப்புத்தகப் பிடிஎஃப்பை ஆறு அங்குலத் திரையில் படிக்கச் சொல்வது பிள்ளைகளுக்குத் தண்டனை. பிடிஎஃப்பில் பக்கம் அச்சடித்தபடியே நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவக் கோப்பில் வரிகள் திரைக்கு ஏற்ப மடங்கும். கதை, கட்டுரை படிக்க மின்னூல் கருவி. வண்ணப்படம், வரைபடம் உள்ள பாடத்துக்கு டேப்லெட். ஒன்றை வாங்கி இரண்டு வேலையும் வாங்க நினைப்பதில்தான் காசு வீணாகிறது.

நூல்களுக்குச் செலவே வேண்டாம். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் கிடைக்கின்றன. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் இக்கால எழுத்தாளர்களின் நூல்களைப் பகிரும் உரிமத்தோடு இபப் வடிவில் தருகிறது. ஒருமுறை இறக்கி எல்லாக் கருவிகளிலும் ஏற்றலாம். டேப்லெட்டில் கிவிக்ஸ் செயலி இருந்தால் இணையம் இல்லாமலே விக்கிப்பீடியா படிக்கலாம்.

கோடை விடுமுறைக்கு முன் கருவிகளைப் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். முழுதும் தீர்ந்த லித்தியம் பேட்டரி, ஜூனில் பள்ளி திறக்கும்போது விழிக்காமலே போகலாம்.