மேய்ச்சலும் புல்வளமும்

ஆனிரை மேய்த்தலை முல்லைத் திணைக்குரிய தொழிலாக வகுத்தனர் தமிழர். நெய்தலும் மருதமும் சூழ்ந்த திருகோணமலையிலும் அத்தொழிலுக்கு இடமுண்டு. துறைமுகத்தின் தெற்கேயுள்ள கொட்டியாரக்குடாவில் மகாவலி கங்கை கலக்கின்றது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் அவ்யாறு தன் கீழ்ப்பகுதியில் பரப்பிய வெள்ளச் சமவெளியிலே 'வில்லு' எனப்படும் தாழ்ந்த புல்நிலங்கள் உள்ளன. ஆண்டுதோறும் மேயப்பட்டும் இப்புல் அழியாதிருப்பது எவ்வாறு?

புல்லின் அமைப்பே அதற்கு முதற் காரணம். மரஞ்செடிகள் நுனியில் வளர்வன; புல்லின் இலையோ அடியிலிருந்து நீள்வது. ஆதலால் நுனி கடிக்கப்படினும் வளர்ச்சி நிற்பதில்லை. நிலத்தோடு படர்ந்து கணுதோறும் வேரூன்றும் அறுகு, கடுமேய்ச்சலையும் தாங்கும். உயர்ந்து வளரும் புற்களின் குருத்து மாட்டின் வாய்க்கு எட்டுவதால், அவை முதலில் நலியும்.

எனினும் இத்தாங்குதிறனுக்கும் எல்லையுண்டு. இலையே புல்லுக்கு உணவு சமைப்பது. இலைப்பரப்பிற் பாதிக்குமேல் நீக்கப்படின் வேர்வளர்ச்சி தடைப்படும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் கிரைடர் 1955இல் வெளியிட்ட ஆய்விற் காட்டினார். வேர் குன்றிய புல் கோடையின் வறட்சியில் மடியும்; அதன் இடத்தை மாடு தீண்டாத எருக்கும் நாயுண்ணியும் கொள்ளும். மேய்ச்சலே இல்லாதவிடத்தும் தீங்குண்டு: முதிர்ந்த தாள் மண்டி இளந்தளிரை மறைக்கும், நாளடைவிற் புதர் பெருகும். அளவான மேய்ச்சல் புல்லுக்கு நன்மையே.

ஆகவே மாடுகளின் தொகையைப் போலவே மேயுங் காலமும் கருதத்தக்கது. வடகீழ்ப் பருவமழையின் வெள்ளம் வில்லை மூடுங்கால் மேய்ச்சல் தானே நிற்கின்றது, வண்டல் படிகின்றது. நீர் வடிந்தபின், பிற நிலங்கள் காயுங் கோடையிலே புதுப்புல் கிடைக்கின்றது. மேட்டுநிலத்திற்கோ இவ்வோய்வு இல்லை. பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் பட்டிகள் வயலினின்று விலக்கப்படுகின்றன. முதன்மழையில் முளைத்து, வேரிற் சேமித்த உணவைச் செலவிட்டு நிற்கும் இளம்புல்லின்மீதே அவை அனைத்தும் வந்து சேர்கின்றன. புல் மிக மெலிந்திருக்கும் வேளையும் அதுவே.

வில்லின் ஓய்வும் என்றும் உறுதியானதன்று. 1985இல் திறக்கப்பட்ட கொத்மலை, விக்டோரியா முதலிய நீர்த்தேக்கங்கள் மேலேயிருந்து வரும் வெள்ளத்தைத் தேக்குவன. வெள்ளம் குறையுந்தோறும் ஓய்வும் வண்டலும் குறையும்.

இயற்கை அளித்த ஓய்வை இனி மனிதர் அளித்தல் வேண்டும். மேய்ச்சற்றரையைப் பகுதிகளாக வகுத்து, முறைவைத்து மேய்த்து, பாதித் தாளேனும் எஞ்சியிருக்கப் பட்டியைப் பெயர்த்தல் அதற்கு வழி. அதற்கு முதற்கண் பட்டி பெயர்வதற்குப் போதிய நிலம் வேண்டும். மேய்ச்சற்றரை சுருங்கிய ஊரிலே, எத்துணைத் தேர்ந்த இடையனும் புல்லுக்கு ஓய்வளித்தல் இயலாது.