துப்பாக்கி பேசாத இரவு!

குட்டீஸ்... துப்பாக்கி வைத்திருக்கும் ராணுவ வீரருக்கு மல்யுத்தம் எதற்கு என்று கேட்கிறீர்களா?

லடாக்கில் உள்ள கல்வான் பள்ளத்தாக்கில், 2020 ஜூன் 15 இரவு, நம் வீரர்களும், சீன வீரர்களும் மோதினர். எல்லைக் கோட்டிலிருந்து 2 கி.மீ.,க்குள் சுடக் கூடாது என, இரு நாடுகளும் 1996ல் ஒப்பந்தம் செய்திருந்தன. அதனால், அன்று துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. கல்லும், தடியும், வெறும் கையும் தான் ஆயுதங்கள்.

நம் வீரர்கள் 20 பேர் உயிர்த் தியாகம் செய்தனர். அவர்களில் ஒருவர், ராமநாதபுரம் மாவட்டம், கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. மறைவுக்குப் பின், அவருக்கு வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது.

கைகலப்பில் கால் இடறும்; கீழே விழ நேரும். அப்போது தலையைக் காத்து, மேலே அழுத்துபவரைப் புரட்டி, சட்டென எழ வேண்டும். அதற்குத் தான் தரைச் சண்டைப் பயிற்சி.

தேனி, கம்பம் பக்கம் சிலம்பம் பழகும் பிள்ளைகளே... கம்பு சுழற்றும் முன், காலடி வைக்கத் தானே ஆசான் பழக்குகிறார்? நிலை தவறாமல் நிற்பதே முதல் பாடம்.

கற்றதை வகுப்புத் தோழனிடம் காட்டிவிடாதீர்கள். கையில் பலம் இருந்தும் கட்டுப்பாட்டோடு நிற்பவரே உண்மையான வீரர்!