செம்மண்ணுக்குப் பிடிமானம் மட்குதான்

காசிமேட்டு மீன்கழிவில் வெல்லம் சேர்த்து மீன் அமிலம் தயாரிச்சு, செங்குன்றம் பக்கம் உள்ள என் செம்மண் தோட்டத்துக்குத் தாராளமா ஊத்தினேன். வெண்டை கருகருன்னு பச்சை கட்டியது. ரெண்டு கனமழை பெய்ததும் வெளிறிப்போச்சு. ஊத்தின சத்தெல்லாம் எங்கே?

விடை களியில் இருக்கிறது. செம்மண்ணுக்கு நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. அதன் களியில் பெரும்பங்கு கயோலினைட் என்ற கனிமம். சாம்பல்சத்து, சுண்ணாம்புச்சத்து, அமோனியா இவற்றைப் பிடித்துவைக்கும் திறன் 100 கிராம் கயோலினைட்டுக்கு 3 முதல் 15 மில்லிஈக்விவலன்ட்தான். கரிசலில் உள்ள மாண்ட்மோரிலோனைட்டுக்கு 80 முதல் 150. மட்குக்கு 200 வரைகூடப் போகும்.

களியை நாம மாத்த முடியாது, மட்கைக் கூட்டலாம். நம்ம வெயிலில் மட்கு சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் வருஷா வருஷம் தொழுவுரம் போடணும், பலதானியம் விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழணும், மூடாக்கு போடணும். கிடைத்தால் ஏரி வண்டலும் அடிக்கலாம்.

மீன் அமிலத்தை இப்போ 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து, பிரிச்சுப் பிரிச்சுத்தான் கொடுக்கிறேன். மழைக்குப் பிறகும் இலையில் பச்சை நிக்குது.