மதியம் ஒன்று முதல் நான்கு வரை

புனேக்கு வேலை கிடைத்துக் குடிபோகும் தமிழர்கள் சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: இந்த ஊரில் மத்தியானம் ஏன் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்? சதாசிவ் பேட், நாராயண் பேட், சனிவார் பேட் என்று பழைய நகரத்துத் தெருக்களில் ஒரு மணி அடித்ததும் ஷட்டர்கள் இறங்கும். 'மதியம் 1 முதல் 4 வரை கடை மூடியிருக்கும்' என்ற மராட்டிப் பலகை தொங்கும். வீட்டு வாசல்களிலும் அதே நேரத்தைக் குறிப்பிட்டு, அழைப்பு மணியை அடிக்க வேண்டாம் என்று எழுதி வைத்திருப்பார்கள். புனேரிப் பலகைகள் என்றே இவற்றுக்கு மகாராஷ்டிரம் முழுக்கப் பெயர். மராட்டி எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டே, மும்பைக்காரர், புனேக்காரர், நாக்பூர்க்காரர் மூவரையும் ஒப்பிட்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், வாடிக்கையாளரை ஒரு பொருட்டாகவே நினைக்காத புனேக் கடைக்காரருக்குத் தனி இடமே கொடுத்திருக்கிறார்.

சோம்பல் என்பார்கள் சிலர். திமிர் என்பார்கள் வேறு சிலர். இரண்டையும் நான் ஏற்கவில்லை. கடைக்காரரின் ஒரு நாளை விடியற்காலையிலிருந்து கணக்கெடுத்தால் காரணம் தெரிந்துவிடும்.

இந்த வழக்கத்தோடு அதிகம் சேர்த்துப் பேசப்படுகிற பெயர் சிதளே. சாங்லி மாவட்டத்தில் கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள பிலவடி என்ற ஊரில் 1939-ல் பாஸ்கர் கணேஷ் சிதளே பால் வியாபாரம் தொடங்கினார். அவருடைய மகன்கள் 1950-ல் புனேயில் கடை போட்டார்கள். அதுதான் பின்னாளில் பாகர்வடி என்ற தின்பண்டத்துக்குப் பேர்போன 'சிதளே பந்து'. பால் என்றால் விடியலுக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். இருட்டோடு எழுந்து, காலை முழுக்க நின்றுகொண்டே விற்றவருக்கு ஒரு மணி என்பது ஏழெட்டு மணி நேர உழைப்பு முடிந்த நேரம். நான்கு மணிக்குத் திறந்தால் இரவுவரை மறுபடியும் நிற்க வேண்டும். இரண்டு வேலை நாட்களை ஒரே நாளில் செய்தவர்கள் நடுவில் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

சிதளே மட்டுமல்ல. கேம்ப் பகுதியில் ஷ்ரூஸ்பரி பிஸ்கட்டுக்கு வரிசை நிற்கும் கயானி பேக்கரியும் மத்தியானம் மூடுகிற கடைதான். அதை நடத்துபவர்கள் இரானியர்கள். கேம்ப் ஆங்கிலேயர் காலத்து ராணுவப் பகுதி. பேட்டைகளின் மராட்டி வாழ்க்கைக்கும் அதற்கும் தூரம் அதிகம். ஆகவே இதை ஒரு சாதியின் குணமாகவோ ஒரு மொழிக்காரரின் குணமாகவோ சொல்வது தவறு. அதிகாலையில் அடுப்பு மூட்டுகிற, முதலாளியே கல்லாவில் உட்காருகிற கடை எங்கே இருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

இன்னொரு காரணம் கட்டடம். பழைய புனேயின் வீடுகள் வாடாக்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் பல குடும்பங்கள், தெருவைப் பார்த்த கீழ்ப்பகுதியில் கடைகள். கடையைப் பூட்டிவிட்டு மாடிப்படி ஏறினால் வீடு. சூடாகச் சாப்பாடு, பிறகு இடப்பக்கமாகச் சற்றுத் தலைசாய்த்தல். அதை அவர்கள் வாமகுட்சி என்கிறார்கள். மருத்துவம் சொன்ன நல்ல பழக்கமாகவே கருதுகிறார்கள். கடைக்காரர் தூங்கும் நேரத்தில் வாங்குகிறவரும் தூங்கினார். ஓய்வூதியக்காரர்களின் ஊர் என்று பெயரெடுத்த நகரம் அது. வெயிலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு இரண்டு மணிக்கு இனிப்பு வாங்கப் போகிறவர் யாரும் இல்லாதபோது கடையைத் திறந்து வைப்பதற்கு என்ன அவசியம்?

நமக்கு இது அந்நியமான விஷயமும் அல்ல. உச்சிக்காலப் பூஜை முடிந்தால் நம் கோயில்களில் நடை சாத்தி, நான்கு மணிவாக்கில்தான் திறக்கிறார்கள். சாமிக்கே ஓய்வு கொடுத்த ஊர்க்காரர்கள் நாம். உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டு என்று பழமொழியும் வைத்திருக்கிறோம். ஆனால் உண்பது மட்டும் காரணமல்ல. சாப்பிடாமல் இருந்தாலும் பிற்பகலில் மனித உடலின் விழிப்பு ஒரு படி இறங்குகிறது என்று தூக்கத்தை ஆராய்பவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஸ்பெயினின் சிறிய ஊர்களில் இன்றும் மதியம் கடைகள் அடைக்கப்படுகின்றன. கிரீஸில் கோடைப் பிற்பகலில் சத்தம் எழுப்பக் கூடாத நேரம் என்றே ஒன்று விதிக்கப்பட்டிருக்கிறது. கோவாவிலோ 2022 தேர்தலை ஒட்டி, முதல்வரானால் 2 முதல் 4 மணிவரை ஓய்வைக் கட்டாயமாக்குவேன் என்று விஜய் சர்தேசாய் என்ற அரசியல்வாதி வாக்குறுதியே கொடுத்தார்.

மத்தியானம் கடையடைத்த அந்தப் புனே எப்படி மாறியது? ஒரே நாளில் அல்ல. 1961 ஜூலை 12-ல் பான்ஷேத், கடக்வாஸ்லா அணைகள் உடைந்து முட்டா நதி நகருக்குள் புகுந்தபோது ஆற்றோரப் பேட்டைகளில் எத்தனையோ வாடாக்கள் சரிந்தன. எஞ்சியவற்றில் பலவற்றைப் பின்னாளில் இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். கடைக்காரரின் குடும்பம் கோத்ரூட் போன்ற புதிய பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தது. கடை மட்டும் பழைய இடத்தில் நின்றது. மாடிப்படியில் இருந்த வீடு நெரிசலைத் தாண்டிப் போக வேண்டிய தூரத்துக்குப் போனபின், மதியம் சாப்பிடப் போய்த் திரும்புவதிலேயே ஓய்வு நேரம் கரைந்தது. வழக்கத்தை உள்ளிருந்து அரித்தது இதுதான் என்பது என் கணிப்பு.

வெளியிலிருந்து அடித்தது புதிய வேலை நேரம். பிம்ப்ரி-சிஞ்ச்வடில் ஆலைகள் ஷிப்ட் முறையில் ஓடின. பிறகு ஹிஞ்சவடியில் மென்பொருள் பூங்கா வந்தது. அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் இளைஞருக்கு மதியம் இரண்டு மணிதான் காலை. தமிழ்நாட்டிலிருந்து போன நம் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அவர்களுக்குப் பலகையின் மராட்டியும் தெரியாது, அதன் நியாயமும் தெரியாது. பக்கத்திலேயே நாள் முழுக்கத் திறந்திருக்கும் மால். கைப்பேசியில் தட்டினால் வாசலுக்கே வரும் பொட்டலம். பூட்டிய கதவின் முன் யார் காத்திருப்பார்கள்?

2017 ஜூலையில் சிதளே பந்து தங்கள் கடை இனி மதியமும் திறந்திருக்கும் என்று அறிவித்தது. ஓர் இனிப்புக் கடையின் நேர மாற்றம் நாளிதழ்களில் செய்தியாக வந்தது. ஒரு காலகட்டம் முடிந்ததாகவே புனேக்காரர்கள் அதைப் பேசினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் புதிய கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எத்தனை மணிக்குத் திறக்கலாம், எத்தனை மணிக்கு மூட வேண்டும், வாரத்தில் எந்த நாள் அடைக்க வேண்டும் என்றெல்லாம் கட்டுப்படுத்திய 1948-ஆம் ஆண்டுச் சட்டம் போனது. ஆண்டு முழுக்கத் திறந்து வைக்கலாம் என்றானது.

2021-ல் கொரோனாக் கட்டுப்பாடுகளின்போது நிலைமை இன்னும் மாறிவிட்டது. புனேயில் கடைகளை மாலை 4 மணிக்கு அடைத்துவிட வேண்டும் என்று சில வாரங்கள் உத்தரவு இருந்தது. முன்பு நான்கு மணிக்குத் திறந்த ஊர் அது. மதியமும் பூட்டினால் அன்றைய வியாபாரமே போய்விடும். மாலை நேரத்தைத் திருப்பித் தரக் கேட்டு வணிகர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். ஆகஸ்டில் 8 மணிவரை அனுமதி கிடைத்தது.

பேட்டைகளில் இன்றும் சில கடைகள் ஒரு மணிக்குப் பூட்டுகின்றன, பலகைகளும் தொங்குகின்றன. 2024-ல் அந்தத் தெருக்களுக்கு அடியிலேயே, கஸ்பா பேட், மண்டை வழியாக ஸ்வார்கேட் வரை மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டது. மேலே பூட்டிய கடைகளைத் தேடி இப்போது படம் எடுக்க வருகிறார்கள்.

வாங்குகிறவருக்கு இந்த மாற்றம் நல்லதுதான். வெளியூரிலிருந்து வந்து, ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் பாகர்வடி கிடைக்காமல் திரும்பியவர்களின் வருத்தம் உண்மையானது. ஆனால் இந்த மாற்றத்தில் பேசப்படாத ஒருவர் இருக்கிறார். ஷட்டர் இறங்கிய காலத்தில் முதலாளியோடு சேர்ந்து கடைப் பையனும் ஓய்ந்தான். அவனுக்கென்று யாரும் கேட்டு வாங்கிய ஓய்வல்ல. கதவு பூட்டியிருந்ததால் தானாகக் கிடைத்தது. இப்போது முதலாளி குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவில் கடையைப் பார்க்க முடியும். தராசுக்குப் பின்னால் நிற்கும் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஒரு மணி நேர இடைவேளை தர வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அதை அரை மணி நேரமாக்கியது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடைகளை அந்த விதியிலிருந்தே விலக்கியும் வைத்தது. ஊரின் பெரும்பாலான தெருக் கடைகள் அத்தகையவைதான்.

துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுக்க நிற்கும் பெண்களின் போராட்டத்துக்குப் பிறகு கேரளம் 2018-ல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-ல் அதைச் செய்தது. கடை ஊழியர் ஒவ்வொருவருக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும் என்பது இன்று நம் மாநிலத்தின் சட்டம். அடுத்த முறை மதியம் இரண்டு மணிக்கு ஒரு கடைக்குள் போகும்போது, எடை போட்டுத் தருகிறவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பில் போடும்போது முதலாளியிடம் கேளுங்கள்.