வெள்ள நிவாரணம்: பணம் இருக்கிறது, பெயர் எங்கே?

புதுதில்லி: வெள்ளமோ புயலோ வந்து ஓய்ந்ததும் ஆட்சியாளர்கள் முதலில் அறிவிப்பது ஒரு தொகை. குடும்பத்துக்கு இத்தனை ஆயிரம் ரூபாய் என்ற அறிவிப்பு மறுநாள் எல்லா நாளேடுகளிலும் தலைப்பாகிவிடுகிறது. அந்தக் "குடும்பம்" எது, அதை எண்ணியவர் யார், அவர் எந்தத் தேதியில் ஊருக்குள் வந்தார் என்ற கேள்விகளுக்குத் தலைப்பில் இடமிருப்பதில்லை. ஆனால் பணம் போய்ச் சேர்வதும் சேராததும் இந்தக் கேள்விகளைப் பொருத்தே அமைகிறது.

இதை நன்கு அறிந்த மாநிலம் பிகார். அங்கு ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் ஒரு நதி கரை மீறுகிறது. அதனால் நிவாரணம் என்பது அவசரகாலப் பணியாக அல்லாமல் நிர்வாகத்தின் வழக்கமான வேலையாகவே ஆகிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் அங்கு நிவாரணம் என்றால் அவல், வெல்லம், தார்ப்பாய், தானிய மூட்டை. பொருளாகக் கொடுத்தால் கொள்முதல் உண்டு. கொள்முதல் உண்டென்றால் ஒப்பந்ததாரரும் உண்டு. 2004 வெள்ளத்தின்போது பாட்னாவில் நடந்த நிவாரணக் கொள்முதலில் கோடிக்கணக்கில் முறைகேடு நடந்ததாக வழக்குப் பதிவாகி, மாவட்ட ஆட்சியராக இருந்தவரே குற்றம் சாட்டப்பட்டார். 2007-இல் குடும்பத்துக்கு ஒரு குவிண்டால் தானியம் வழங்கப்பட்டது. முதல்வர் நிதீஷ் குமாருக்கு "குவிண்டலியா பாபா" என்ற பட்டப்பெயர் கிடைத்தது அப்போதுதான்.

மறு ஆண்டே பெரும் சோதனை வந்தது. 2008 ஆகஸ்ட் 18-ஆம் தேதி, நேபாளத்தின் குசஹா அருகே கோசியின் கரை உடைந்தது. நதி தன் தடத்தையே மாற்றிக்கொண்டு சுபௌல், மதேபுரா, சஹர்சா, அராரியா, பூர்ணியா மாவட்டங்களுக்குள் புகுந்தது. முப்பது லட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். கரைகள் எழுந்த பிறகு பல பத்தாண்டுகள் கோசி வெள்ளத்தையே காணாத ஊர்கள் அவை. முகாமுக்கு வந்தவர்களின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இன்று நிலைமை வேறு. நிவாரணத் தொகை நேரடியாக வங்கிக் கணக்குக்குப் போகிறது. குடும்பத்துக்கு ரூ. 6 ஆயிரமாக இருந்த தொகை பின்னர் ரூ. 7 ஆயிரமாக உயர்ந்தது. 2024 செப்டம்பர் 29-ஆம் தேதி வீர்பூர் அணையிலிருந்து விநாடிக்கு 6.61 லட்சம் கன அடி நீர் கோசியில் திறந்துவிடப்பட்டது. 1968-க்குப் பிறகு அந்நதி கண்ட மிகப்பெரிய அளவு அது. அந்தச் செப்டம்பரில் வெள்ளம் பாதித்த நான்கு லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்களின் கணக்குகளுக்கு, அக்டோபர் முற்பாதிக்குள் ரூ. 300 கோடிக்கு மேல் அனுப்பப்பட்டது. பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கே கருவூலத்தின் மீது முதல் உரிமை என்று நிதீஷ் குமார் பல முறை பேசியிருக்கிறார். அந்த வேகத்தைப் பார்த்தால் அது வெறும் மேடைப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. இடைத்தரகர் கையில் தொகை தேய்வதும் குறைந்திருக்கிறது. இதை மறுப்பது நியாயமாகாது.

ஓர் அடுப்பு, ஒரு குடும்பம்

சிக்கல் தொடங்குவது அதற்கு முந்தைய கட்டத்தில். ஊராட்சி அளவில் உள்ள கண்காணிப்புக் குழு பாதிக்கப்பட்டோர் பட்டியலுக்கு ஒப்புதல் தரவேண்டும். பின்னர் வட்ட அலுவலகத்தில் அது "ஆபதா சம்பூர்த்தி" என்ற அரசு இணையதளத்தில் ஏறுகிறது. அங்கிருந்து மத்திய அரசின் பொது நிதி மேலாண்மை அமைப்புக்குப் போய், பெயரும் கணக்கு எண்ணும் சரிபார்க்கப்பட்ட பின்னரே வங்கிக்குச் செல்கிறது. இந்தப் படிகளில் எதில் வேண்டுமானாலும் ஒரு பெயர் விழுந்துவிடலாம். ஆதார் அட்டையில் ஓர் எழுத்தும் வங்கிப் புத்தகத்தில் வேறோர் எழுத்தும் இருந்தால் போதும். வங்கிகள் இணைக்கப்பட்டபோது கிளைக் குறியீடு மாறியிருந்தால் போதும்.

குடும்பம் என்பதற்கு ஊரார் வைத்திருக்கும் அளவுகோல் அடுப்பு. ஓர் அடுப்பில் பொங்கி உண்பவர்கள் ஒரு குடும்பம். மணமாகித் தனி அடுப்பு மூட்டிய மகனுக்குத் தனி ரேஷன் அட்டை கிடைக்கச் சில ஆண்டுகள் ஆகலாம். அதுவரை வெள்ளத்தில் அவன் வீடு தனியாக மூழ்கும். பட்டியலில் அவன் தந்தையின் பெயர்தான் இருக்கும். மூன்று அடுப்புக்கும் சேர்த்து ஒரே ஏழாயிரம். மாறாக, ஒரே கூரையின் கீழ் வாழ்வோர் மூன்று பெயர்களில் தொகை பெறுவதும் நடக்கிறது. இரண்டையும் தீர்மானிப்பவர் வார்டு உறுப்பினர். அவருக்கு யார் வாக்களித்தார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இத்துடன் விதிமுறையின் நுணுக்கங்களும் உண்டு. துணிமணி, பாத்திரங்களுக்கான உதவி, வீடு அழிந்தவர்களுக்கும், இரண்டு நாள்களுக்கு மேல் வீட்டில் நீர் தேங்கியவர்களுக்கும் உரியது. நீர் எத்தனை நாள் நின்றது என்பதற்கு அத்தாட்சி என்ன? பார்வையிட வருபவர் வந்து சேரும்போது பெரும்பாலும் சுவரில் ஈரக்கோடு மட்டுமே மிஞ்சியிருக்கும்.

கோசியின் இரு கரைகளுக்கும் இடையே வாழ்பவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. 1950-களில் கரைகள் எழுப்பப்பட்டபோது முன்னூறுக்கும் மேற்பட்ட கிராமங்கள் அவற்றுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டன. அவர்களுக்கு வெள்ளம் பேரிடர் அல்ல, பருவகாலம். ஒரு கோடையில் இருந்த மேட்டு நிலம் அடுத்த கோடையில் ஆற்றுக்குள் கிடக்கும். முகவரி மாறும்; வார்டு மாறும்; ஆவணத்தில் மட்டும் பழைய ஊரே இருக்கும். நதியின் போக்கு மாறி நிலம் பறிபோனால் ஹெக்டேருக்கு ரூ. 47 ஆயிரம் தரலாம் என்கிறது 2022-இல் வெளியான மத்திய அரசின் விதிமுறை. அதைப் பெறும் சிறு, குறு விவசாயியின் பெயரில் வருவாய்ப் பதிவேட்டில் நிலம் இருக்கவேண்டும். குத்தகைக்கு உழுதவருக்கு அதில் இடமில்லை.

ரொக்கமா, வங்கிக் கணக்கா?

பணத்தை எந்த வழியில் கொடுப்பது என்பதும் அரசியல் விவாதமாகியிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜம் புயலுக்குப் பிறகு தமிழக அரசு ரூ. 6 ஆயிரத்தை நியாயவிலைக் கடைகளில் ரொக்கமாக வழங்கியபோது, வங்கிக் கணக்கில் ஏன் செலுத்தவில்லை என்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கேட்டார். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. ரொக்கத்தில் கணக்குத் தணிக்கை கடினம் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் 2019 மே மாதம் ஃபானி புயல் தாக்கியபோது ஒடிஸாவின் புரி மாவட்டத்தில் மின்கம்பங்களே நிற்கவில்லை, ஏடிஎம் இயங்கவில்லை. அங்கு, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அட்டை உள்ள குடும்பங்களுக்கு 50 கிலோ அரிசியும் ரூ. 2 ஆயிரமும் பாலிதீன் விரிப்பும் அறிவிக்கப்பட்டன. அத்தகைய நாள்களில் கணக்கில் ஏறும் எண்ணைவிடக் கைக்கு வரும் நோட்டு பயன்படும்.

கணக்கு இருப்பதும் கணக்கு இயங்குவதும் ஒன்றல்ல. 2023 டிசம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அளித்த தகவலின்படி, 51 கோடி ஜன் தன் கணக்குகளில் 10 கோடிக்கும் அதிகமானவை செயல்படாத நிலையில் இருந்தன. இயங்கும் கணக்கிலும் ஆபத்து உண்டு. 2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு அழித்தது. தப்பிப் பிழைத்தவர்களுக்கு அவசர உதவியாகக் கேரள அரசு ரூ. 10 ஆயிரம் செலுத்தியது. பணம் கணக்கில் விழுந்ததும் ஒரு வங்கிக் கிளையின் கணினி அதிலிருந்து பழைய கடனுக்கான மாதத் தவணையைப் பிடித்துக்கொண்டது. வீடும் மனிதர்களும் மண்ணுக்குள் போன குடும்பங்கள் அவை. முதல்வர் பினராயி விஜயன் வெளிப்படையாகக் கண்டித்த பிறகு தொகை திருப்பித் தரப்பட்டது. எந்த அதிகாரியும் கொடுமனத்தோடு செய்த காரியமல்ல அது. நிவாரணப் பணத்துக்கும் மற்றப் பணத்துக்கும் வேறுபாடு காணும்படி கணினிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

தில்லி விதியும் மாநிலக் கையும்

இந்தத் தொகைகள் எங்கிருந்து வருகின்றன? ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு 75 விழுக்காடும் மாநிலம் 25 விழுக்காடும் தருகின்றன. வடகிழக்கு மற்றும் இமயமலை மாநிலங்களுக்கு மத்தியப் பங்கு 90 விழுக்காடு. அந்த நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை உள்துறை அமைச்சகம் வரையறுக்கிறது. அதற்கு மேல் கொடுக்க விரும்பும் மாநிலம் தன் கையிலிருந்து கொடுக்கவேண்டும். 2018 பெருவெள்ளத்தில் கேரளம் வழங்கிய ரூ. 10 ஆயிரம் இதற்கு நல்ல சான்று. அதில் ரூ. 3,800 மட்டுமே பேரிடர் நிதியிலிருந்து வந்தது: துணிமணிக்கு ரூ. 1,800, பாத்திரங்களுக்கு ரூ. 2 ஆயிரம். எஞ்சிய ரூ. 6,200, முதல்வரின் நிவாரண நிதிக்கு மக்கள் அனுப்பிய நன்கொடையிலிருந்து எடுக்கப்பட்டது.

2022-இல் விதிமுறை திருத்தப்பட்டபோது ஒரு முக்கிய மாற்றம் வந்தது. வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பத்தில் வயதுவந்த இருவருக்கு, ஊரக வேலை உறுதித் திட்டக் கூலி விகிதத்தில் முப்பது நாள்கள் வரை உதவி தரலாம் என்பதே அது. வயநாட்டில் கேரளம் இருவருக்கு நாளொன்றுக்கு ரூ. 300 வீதம் அறிவித்தது இதையொட்டியே. பிகாரில் 2024-25-இல் அந்தக் கூலி ரூ. 245. இருவருக்கு முப்பது நாள்கள் என்றால் ரூ. 14,700. அதே ஆண்டு கோசிக் கரையில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ரூ. 7 ஆயிரம்.  எத்தனை நாள், யாருக்கு என்பதை முடிவு செய்வது மாநில அரசு. ஆயினும் தில்லி குறைவாகத் தருகிறது என்று மட்டும் பேசும் மாநில அரசியல்வாதிகள் இந்தக் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

விதிமுறையில் இவ்வுதவிக்குரிய ஆங்கிலச் சொல்லைத் தமிழில் சொன்னால் "இனாம் நிவாரணம்" என்று வரும். அது சுதந்திர இந்தியா உண்டாக்கிய சொல்லன்று. தமிழகத்தில் தாது வருடப் பஞ்சம் என்று நினைவுகூரப்படும் 1876-78 பெரும்பஞ்சத்துக்குப் பிறகு அமைந்த ஆணையத்தின் பரிந்துரையில், 1883-இல் ஆங்கிலேய அரசு பஞ்ச விதித்தொகுப்பை உருவாக்கியது. உடலில் வலுவுள்ளவன் மண் சுமந்து கூலி பெறவேண்டும். முதியோர், நோயாளிகள் போன்ற இயலாதோருக்கு மட்டும் இனாம். அந்தச் சொல் இன்னும் உள்துறை அமைச்சகக் கோப்பில் இருக்கிறது. தரப்படுவது நிவாரணமே, இழப்பீடு அன்று என்ற விளக்கம் நாடாளுமன்றப் பதில்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் வேறு திசையில் ஓர் அடி வைத்தது. நிவாரணத்துக்குக் குறைந்தபட்சத் தரங்களைத் தேசிய ஆணையம் பரிந்துரைக்கவேண்டும் என்றது அதன் 12-ஆவது பிரிவு. கொரோனா மரணங்கள் தொடர்பான வழக்கில் 2021 ஜூன் 30-ஆம் தேதி, இது விருப்பம்போல் செய்வதல்ல, கடமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் ஒவ்வொரு மரணத்துக்கும் ரூ. 50 ஆயிரம் என முடிவாயிற்று. அங்கு நடைமுறையும் மாறியது: அதிகாரி எழுதும் பட்டியலுக்குக் காத்திராமல், குடும்பமே விண்ணப்பிக்கலாம், மறுக்கப்பட்டால் மாவட்டக் குறைதீர் குழுவில் முறையிடலாம். விளைவு திகைப்பூட்டியது. குஜராத்தில் அரசின் கணக்கில் இருந்த கொரோனா மரணங்கள் பத்தாயிரத்தைச் சற்றே தாண்டியிருக்க, 2022 ஜனவரிக்குள் ஏற்கப்பட்ட விண்ணப்பங்கள் 68 ஆயிரத்தைக் கடந்தன. மக்கள் தாமே எண்ணிக்கொள்ளும் வாய்ப்பு வந்தபோது எண்ணிக்கை அப்படி மாறியது.

வெள்ள நிவாரணத்தில் அத்தகைய வழி நாடு முழுதும் ஒரே சீராக அமையவில்லை. விடுபட்டவர் வட்ட அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். அதற்கு எத்தனை நாளில் பதில் வரவேண்டும் என்பதை மத்திய விதிமுறை கூறவில்லை. சட்டமோ ஓர் அடி பின்வாங்கியிருக்கிறது. கடும் பேரிடரில் சிக்கியவர்களின் கடன் தவணையில் சலுகை தரப் பரிந்துரைக்கும் அதிகாரத்தைத் தேசிய ஆணையத்துக்கு அளித்திருந்த 13-ஆவது பிரிவு, 2025-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. வயநாட்டில் பாதிக்கப்பட்டோரின் கடன் தள்ளுபடி குறித்துக் கேரள உயர் நீதிமன்றம் கேட்டபோது, அந்தப் பிரிவே இப்போது இல்லை என்பது மத்திய அரசின் பதிலாக இருந்தது.

பிகார் அரசின் நாள்காட்டியில் வெள்ளக்காலம் ஜூனில் தொடங்குகிறது. அதற்கு முன்பே குடும்பப் பட்டியலைத் திருத்தி, கணக்கு எண்களைச் சரிபார்த்து வைக்கவேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பஞ்சாபில் நெல் நடவு தொடங்குவதும் அதே ஜூனில்தான். பட்டியலில் குடும்பத் தலைவராகப் பெயர் உள்ள ஆண்களில் பலர், கணக்கோடு இணைத்த கைபேசியுடன் சஹர்சாவிலிருந்து அமிருதசரஸ் செல்லும் ரயிலில் ஏறியிருப்பார்கள். சரிபார்க்க வருபவரிடம் பேச வீட்டில் இருப்பவர் மனைவி. பல வீடுகளில் வங்கிக் கணக்கோ அட்டையோ அவர் பெயரில் இல்லை.