சொன்ன கதை ஊருக்கு, எழுதிய கதை உங்களுக்கு

1953இல் ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடகாசிரியர் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்றொரு நாடகம் எழுதினார். ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு மதராஸிக் குடும்பம், இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் காதல், குறுக்கே நிற்கும் மாநிலப் பற்று. டெல்லியில் மேடையேறிய நாடகத்துக்கு நல்ல பெயர் கிடைத்தது. படமாக்கும் எண்ணத்தோடு வந்த இயக்குநர் ஒருவருக்கு ஆனந்த் முழு நாடகத்தையும் வாசித்துக் காட்டினார். அதன்பிறகு அந்தப் பக்கமிருந்து பேச்சில்லை. 1956இல் அதே இயக்குநரின் 'நியூ டெல்லி' என்ற படம் வெளிவந்தது. அதிலும் ஒரு பஞ்சாபி இளைஞன், ஒரு தமிழ்ப்பெண், நடித்தவர் வைஜயந்திமாலா. ஆனந்த் வழக்குப் போட்டார். அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1978இல் அவர் தோற்றார்.

எண்ணம், கரு, கதைப்பொருள், வரலாற்றுச் சம்பவம் ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது என்றது நீதிமன்றம். அவற்றை ஒருவர் எழுதிய விதத்துக்கும் காட்சிகளை அடுக்கிய விதத்துக்கும்தான் உரிமை உண்டு. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு 'இது அதன் நகல்தான்' என்று ஐயத்துக்கு இடமின்றித் தோன்ற வேண்டும். அந்த அளவுகோலில் படம் தப்பித்தது. இன்றுவரை இந்தியாவில் கதைத் திருட்டு வழக்கு எது வந்தாலும் முதலில் எடுத்துப் படிக்கப்படுவது இந்தத் தீர்ப்புதான்.

நல்ல கதையை மனதில் வைத்துக்கொண்டு டீக்கடையிலும், சினிமா கம்பெனி வாசலிலும், புத்தகக் கண்காட்சியிலும் அதைச் சொல்லிச் சொல்லியே தீர்த்துவிடுகிற இளைஞர்களை எனக்குத் தெரியும். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, கவலைதான். வாயில் இருக்கும்வரை அந்தக் கதை சட்டத்தின் கண்ணில் இல்லை. தாளிலோ கணினியிலோ ஏறிய நொடியில் அது உங்கள் சொத்து. பதிவு செய்யாவிட்டாலும் சொத்துதான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமை உங்கள் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நிற்கும். ஆகவே யாரிடமாவது சொல்லப் போகுமுன் எழுதிவிடுங்கள். ஒரு வரிக் கரு போதாது. காட்சி காட்சியாக, பெயர்களோடு, திருப்பங்களோடு, முடிந்தால் வசனத்தோடு எழுதுங்கள். எழுத்து எவ்வளவு விரிவாக இருக்கிறதோ அவ்வளவு உறுதியானது உங்கள் உரிமை. ஓவியருக்கும் இதே விதிதான். 'யானையை மெட்ரோ ரயிலில் ஏற்றி ஒரு தொடர் வரையலாம்' என்ற யோசனை யாருடையதும் அல்ல. நீங்கள் வரைந்த அந்த யானை உங்களுடையது.

எழுதியதைத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் பெட்டியில் வைத்தால் போதும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. சட்டத்தில் அப்படியொரு பதிவு முறை கிடையாது. அதற்குப் பதில் ஒவ்வொரு வரைவையும் நம்பகமான ஒருவருக்குத் தேதியோடு மின்னஞ்சல் செய்துவையுங்கள். ஓவியர்கள் லேயர்கள் தனித்தனியாக இருக்கும் மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். முக்கியமான படைப்பு என்றால் மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாகவே பதிந்துவிடலாம். இலக்கியப் படைப்புக்கும் ஓவியத்துக்கும் கட்டணம் தலா 500 ரூபாய். சரக்கு விற்பனையோடு தொடர்புள்ள படைப்புக்கு மட்டும் 2,000. விண்ணப்பித்ததும் டைரி எண் தருவார்கள். எதிர்ப்பு ஏதும் வருகிறதா என்று 30 நாள் காத்திருந்து பிறகு பரிசீலிப்பார்கள். பதிவு உரிமையை உண்டாக்குவதில்லை. ஆனால் வழக்கென்று வந்தால் அந்தப் பதிவேடு முதல்நிலைச் சான்றாக நிற்கும். 'இல்லை' என்று நிரூபிக்கும் பாடு எதிராளிக்குப் போய்விடும்.

திரைக்கதைக்கு எழுத்தாளர் சங்கப் பதிவும் உதவும். 2018இல் 'சர்க்கார்' வெளியாகும் நேரத்தில், 2007இலேயே 'செங்கோல்' என்ற பெயரில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிந்த கதை தன்னுடையது என்று ஒரு உதவி இயக்குநர் வந்தார். இரண்டுக்கும் ஒற்றுமை இருப்பதாகச் சங்கத் தலைவராக இருந்த கே. பாக்யராஜ் சொன்னார். விவகாரம் உயர் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்து, அந்த உதவி இயக்குநருக்குப் படத்தில் நன்றி தெரிவிக்கப்பட்டது. பதினோரு ஆண்டுக்கு முந்தைய அந்தப் பதிவு இல்லையென்றால் அவர் பேச்சை யார் காதில் வாங்கியிருப்பார்கள்?

வாய்ப்புக் கேட்டுப் போகும்போது எல்லாவற்றையும் ஒளித்துவைக்க முடியாது, உண்மைதான். அங்கே கைகொடுப்பது நம்பிக்கை மீறல் என்ற கோட்பாடு. ஜீ தொலைக்காட்சிக்கு 'கிருஷ் கன்ஹையா' என்ற தொடருக்கான குறிப்பை ஒரு தயாரிப்பு நிறுவனம் கொடுத்திருந்தது. பிறகு அதே சாயலில் 'கன்ஹையா' வந்தபோது, அந்தரங்கமாக நம்பிக் கொடுத்ததைப் பயன்படுத்தக் கூடாது என்று 2003இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை உறுதிசெய்தது. பார்வைக்கு அனுப்பும் மின்னஞ்சலில் 'இது உங்கள் பரிசீலனைக்கு மட்டும், என் அனுமதியின்றிப் பயன்படுத்தவோ பிறருக்குக் காட்டவோ வேண்டாம்' என்று ஒரு வரி சேர்ப்பது யாரையும் புண்படுத்தாது. சந்திப்பு முடிந்த அன்றே 'இன்று நான் சொன்ன கதையின் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன்' என்று அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது.

இனிச் சொல்லப்போவதைத்தான் ஓவியர்கள் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். பத்திரிகை கேட்டு நீங்கள் தனியாளாக எழுதிக்கொடுத்த கட்டுரைக்கு முதல் உரிமையாளர் நீங்கள். காசு வாங்கியதால் மட்டும் உரிமை போய்விடாது. ஆனால் ஒருவர் கேட்டு, காசு கொடுத்து வரையவைத்த வண்ண ஓவியம், உருவப்படம், எடுக்கவைத்த புகைப்படம் என்றால் சட்டத்தின் 17ஆம் பிரிவு கதையை மாற்றுகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கேட்டு வாங்கியவரே முதல் உரிமையாளர். எழுத்தாளரின் மௌனம் எழுத்தாளருக்குச் சாதகமாகவும், ஓவியரின் மௌனம் ஓவியருக்குப் பாதகமாகவும் முடிகிறது. இது நியாயமில்லை என்பது என் கருத்து. சட்டம் மாறும்வரை நாம்தான் வாயைத் திறக்க வேண்டும்.

வழக்கமாக நடப்பது இதுதான். இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வரும்: 'தம்பி, நாவல் ஒண்ணு வருது, அட்டைப்படம் வேணும். புதன்கிழமை பிரஸ்ஸுக்குப் போகுது. எவ்வளவுன்னு சொல்லுங்க.' தம்பி '4,000ண்ணா' என்கிறார். அந்தப் பக்கமிருந்து கட்டைவிரல். அவ்வளவுதான் ஒப்பந்தம். ஆறு மாதம் கழித்து அதே ஓவியம் டி-சர்ட்டிலும் காலண்டரிலும் வேறொரு பதிப்பின் உள்பக்கத்திலும் வரும்; கேட்டால் 'காசு குடுத்துட்டோமே தம்பி' என்பார்கள். சட்டத்தைப் பார்த்தால் அவர்கள் பக்கமும் வாதம் இருக்கும். அந்தக் கட்டைவிரலுக்கு முன்னால் தம்பி இப்படி அனுப்பியிருக்க வேண்டும்: 'சரிண்ணா. 4,000 ரூபாய், பாதி அட்வான்ஸ். இந்த நாவலின் தமிழ் அச்சுப் பதிப்பு அட்டைக்கும் அதன் விளம்பரத்துக்கும் மட்டும். ஓவியத்தின் பதிப்புரிமை என்னிடமே இருக்கும், வேறு எதற்கு வேண்டுமானாலும் தனியாகப் பேசிக்கொள்வோம். உள்ளே என் பெயர் போட வேண்டும். சரின்னா ஓகேன்னு அனுப்புங்க, ஆரம்பிச்சுடறேன்.' மரியாதைக்குக் குறைவில்லை, வக்கீலும் தேவையில்லை. அந்த 'ஓகே' வந்தபிறகு தூரிகையை எடுங்கள்.

அச்சடித்த அக்ரிமென்ட் நீட்டப்பட்டால், 'உலகம் முழுவதும், என்றென்றைக்கும், இன்றுள்ள மற்றும் இனி வரும் அனைத்து ஊடகங்களிலும்' என்ற வரி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். உரிமை மாற்றம் எழுத்தில், கொடுப்பவரின் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி ஆகிய எல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாத பட்சத்தில், அது காலாவதியாகிறது. 2012 திருத்தம் இன்னொன்றையும் சேர்த்தது: ஒப்பந்தம் போட்ட நாளில் இல்லாத ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தாலொழிய, உரிமை போகாது. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் ராயல்டியில் தங்களுக்குரிய சம பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது என்றும் அது சொல்கிறது. இத்தனை கதவுகளை நமக்காகச் சட்டம் திறந்துவைத்திருக்க, அந்தப் பொடி எழுத்து வரியில் கையெழுத்துப் போட்டு நாமே அவற்றைச் சாத்திவிடக் கூடாது.

தன் எழுத்தைத் தானே அச்சேற்றி ஊரெங்கும் கொண்டுசேர்க்க வேண்டும் என்ற கனவு தமிழில் புதிதல்ல. பாரதி 1908இலேயே 'ஸ்வதேச கீதங்க'ளைத் தானே வெளியிட்டவர். 1920இல், தன் படைப்புகளை 40 நூல்களாக, நூலுக்குப் பத்தாயிரம் பிரதி வீதம் நான்கு லட்சம் பிரதிகள் அச்சிடத் திட்டம் போட்டு, நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு தன் புத்தகம் போகும் என்று நம்பினார். பணம் சேரவில்லை, மறு ஆண்டு அவரே போய்விட்டார். அவர் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை கைமாறிக் கைமாறி ஏவி.எம். நிறுவனத்திடம் வந்தது. 1940களின் இறுதியில் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது சிக்கல் எழுந்தது. பிறகு 1949இல் அரசே உரிமையை எடுத்துக்கொண்டு, பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. பாரதிக்காக ஒரு மாகாண அரசு இறங்கி வந்தது. நமக்காக யாரும் இறங்கி வரப்போவதில்லை என்பதால், எந்த உரிமையை யாருக்குக் கொடுத்தோம் என்ற பட்டியல் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். வாரிசுகளுக்கும் அது இருக்குமிடம் தெரிய வேண்டும்.

எல்லா உரிமையையும் விற்றுவிட்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. 57ஆம் பிரிவின்படி, இது என் படைப்பு என்று சொல்லும் உரிமையும், பெயருக்கு இழுக்கு வரும்படி அதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் படைத்தவரை விட்டுப் போவதில்லை. டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் அமைத்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் அரசு பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது. துண்டுகளாகிச் சிதைந்தது. காசு கொடுத்து வாங்கியது அரசுதான். ஆனாலும் 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிஞ்சிய பகுதிகளைச் சிற்பியிடம் திருப்பித் தரச் சொல்லி, ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. உங்கள் ஓவியத்தில் பெயரை வெட்டிவிட்டு முகநூலில் போடுபவர்களுக்கு இந்தத் தீர்ப்பை அனுப்பலாம்.

பகலில் வேலை, இரவில் எழுத்து என்று இருப்பவர்கள் நியமன உத்தரவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்கு, நாவல் உங்களுக்கு. ஆனால் 'பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே' என்று சில கம்பெனிகள் எழுதிவைத்திருக்கும். பத்திரிகை ஊழியர் நிலை சற்று மேல்: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டுமே நிறுவனத்துக்கு, அதைப் புத்தகமாக்கும் உரிமை எழுதியவருக்கே.

இவ்வளவும் செய்தபிறகும் திருட்டு நடக்கும். புத்தகம் வந்த வாரமே பிடிஎஃப் டெலிகிராமில் சுற்றும். முதல் வேலை, பொதுவெளியில் சண்டை போடுவதல்ல, ஆதாரம் சேர்ப்பது. இணைப்பு, தேதி, எத்தனை பேர் உறுப்பினர் எல்லாவற்றையும் படம்பிடித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் உரையாடல் இருந்த போனை விற்றுவிடாதீர்கள். மின்னணுச் சான்றுக்கு 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவில் சான்றிதழ் கேட்கிறது. அடுத்து அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார். படைப்பு எது, உரிமையாளர் நீங்கள் என்பதற்கு ஆதாரம் என்ன, திருட்டு நகல் எந்த இணைப்பில் இருக்கிறது என்பதோடு, 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு பெறுவேன் என்ற உறுதிமொழியும் அதில் வேண்டும். 2013 பதிப்புரிமை விதிகளின்படி 36 மணி நேரத்துக்குள் அவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும். 21 நாளில் உத்தரவு வராவிட்டால் திரும்பவும் திறந்துவிடலாம் என்பதையும் மறக்க வேண்டாம். டெலிகிராம் சேனல் நடத்துபவர் முகமற்றவர் என்று பயந்தவர்களுக்கு 2022இல் ஒரு நல்ல செய்தி வந்தது. பாடப்புத்தக ஆசிரியர் ஒருவர் போட்ட வழக்கில், சேனல் நடத்துவோரின் விவரங்களைக் கொடுக்கும்படி டெலிகிராமுக்கே டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

வழக்குப் போட மும்பைக்கோ டெல்லிக்கோ ஓட வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம் என்கிறது 62ஆம் பிரிவு. தடை உத்தரவு, இழப்பீடு, அவர்கள் சம்பாதித்த லாபத்தின் கணக்கு மூன்றையும் கேட்கலாம். மூன்று லட்சமும் அதற்கு மேலும் என்றால் வணிக நீதிமன்றம். உடனடித் தடை கேட்காத வழக்கில் அதற்குமுன் சமரசப் பேச்சு கட்டாயம். தெரிந்தே செய்த மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறையும் 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. அது பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க, ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காவல் நிலையத்தில் 'இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க' என்று திருப்பி அனுப்பினால் அந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

திருட்டைவிட அதிகம் பேரை வாட்டுவது வராத பாக்கி. ஓவியம், வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு என்று தொழிலாகச் செய்பவர்கள் மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளலாம். காசு கிடையாது, ஆதாரும் பானும் வேண்டும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. பேசாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. இணையம் வழியாகப் புகார் கொடுத்தால் வசதியாக்கல் மன்றம் விசாரிக்கும். வேலையை ஒப்புக்கொள்ளுமுன்பே பதிந்துவிடுவது நல்லது, பின்னால் பதிவது பழைய பாக்கிக்கு உதவாமல் போகலாம். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி. மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். சிவில் வழக்குக்கு மூன்று ஆண்டுதான் கெடு. 'பெரிய இடத்துப் பகை எதற்கு' என்று தயங்கியபடியே அந்தக் கெடுவைக் கடக்கவிட்டவர்கள் நிறையப் பேர். தயக்கம் இருந்தாலும் நோட்டீஸையாவது முதல் ஆண்டிலேயே அனுப்பிவிடுங்கள்.