மாட்டின் உடலும் தீவனமும்

வைக்கோலை மட்டும் தின்னும் மாடு மெலிவதேன்? அதன் உயிரணுக்களிலுள்ள ரைபோசோம் என்னும் நுண்கருவிகள், 20 வகை அமினோ அமிலங்களை மணிகளைப் போல் முறைப்படி கோத்து, தசை, பால், தோல் ஆகியவற்றுக்கு வேண்டிய புரதங்களை உண்டாக்குகின்றன. தோலுக்கு உறுதி தரும் கொல்லாஜன் என்னும் புரதத்தில் மூன்று மணிகளுக்கு ஒன்று கிளைசின் என்னும் அமிலமாகும். இத்தகைய மூன்று இழைகள் சேர்ந்தமைந்ததே கொல்லாஜன் என்பதை, அடையாற்றை அடுத்த கிண்டியில் சென்னைச் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் வெளியிட்டனர். அவை கயிறுபோல் முறுக்குண்டிருத்தலை 1955-இல் விளக்கினர்.

மணி குறையின் மாலை நிறைவுறாது. வைக்கோலில் புரதச் சத்து சொற்பமே. ஆதலின் அத்துடன் கடலைப் பிண்ணாக்கும் அகத்தித் தழையும் அளவறிந்து கொடுத்தல் வேண்டும். கிராம அதிகாரிகள் இதனைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பார்களாக.